கலரும் ஹைட்டும்: அத்திப்பட்டு வட்டாரப் பேச்சில் தோற்றம் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஆள்களின் தோற்றத்தைச் சொல்ல அன்றாடத் தமிழில் வழங்கும் கலர், ஹைட், வெயிட், பெர்சனாலிட்டி முதலிய ஆங்கிலச் சொற்கள், ஆங்கிலத்தில் தமக்குள்ள பொருளோடு தமிழில் வழங்கவில்லை. உயரம், நீளம், தரம் போன்ற பெயர்கள் 'ஆன', 'ஆக' ஆகியவற்றை ஏற்கும்போது மிகுதிப் பக்கத்தை மட்டும் குறிக்கும் தமிழ் மரபுக்குள் அவை அடங்கிவிட்டன. அளவுக்கு இயல்பான இம்மரபு நிறத்தின்மேல் ஏறும்போது வெளிர்நிறம் நிற உடைமையாகவும் கருநிறம் நிறக் குறைவாகவும் பேசப்படுகின்றன. திருவள்ளூர் மாவட்டம் அத்திப்பட்டிலும் அதைச் சூழ்ந்த தொழிற்பகுதியிலும் கேட்கப்படும் வழக்குகளைத் தரவாகவும், தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் பண்புப் பாகுபாட்டை அளவுகோலாகவும் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தோற்றம், பண்புப்பெயர், அளவுப்பெயர், நிறம், கடன்சொல், பேச்சு வழக்கு, அத்திப்பட்டு

1. களமும் தரவும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் எண்ணூரை அடுத்து அத்திப்பட்டுப் புதுநகர், அத்திப்பட்டு என இரு நிலையங்கள் உள்ளன. வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்று காமராசர் துறைமுகம்) ஆகியன இவ்வூரைச் சூழ்ந்தவை. நிலக்கரியும் சாம்பலும் சரக்குப் பெட்டகமும் ஏற்றி இறக்கும் பணிகளைச் சார்ந்து வாழ்வோர், ஆற்று முகத்துவார மீனவர், மீஞ்சூர்ப் பக்கத்து உழவர், ஒப்பந்தப் பணிக்கு வந்த வடமாநிலத்தவர் ஆகியோர் ஒரே தேநீர்க் கடையில் சந்திக்கும் களம் இது. வடக்கே செல்லச் செல்லத் தெலுங்கும் காதில் விழும்.

இங்கு வழங்கும் ஆங்கிலச் சொற்கள் இலக்கியம் வழியாகவோ உயர்கல்வி வழியாகவோ வந்தவை அல்ல; பெரும்பாலும் ஐடிஐ, டிப்ளமோ வகுப்பறை, பணித்தளம், திரைப்படம், விளம்பரம் ஆகியவற்றின் வழி வந்தவை. ஆகவே இவற்றைப் 'படித்தவர் கலப்புமொழி' என ஒதுக்க இயலாது. எழுத்தறிவு குறைந்த முதியோர் பேச்சிலும் 'கலரு', 'ஹைட்டு', 'டல்லு' ஆகியன குற்றியலுகரம் ஏற்று, தமிழ்ச் சொல்லாகவே ஒலிக்கின்றன.

இக்கட்டுரை எண்ணிக்கை வழிப்பட்ட ஆய்வு அன்று. ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்பதைவிட, அது எந்த இலக்கண இருக்கையில் அமர்ந்திருக்கிறது என்பதே இங்கு வினா. தரவுகள் பேச்சில் கேட்டவாறே தரப்பட்டுள்ளன.

2. தோற்ற வினைகள் வரவில்லை

முதலில் கவனிக்க வேண்டியது, தமிழ் எதைக் கடன் வாங்கவில்லை என்பது. ஆங்கிலத்தில் ஒருவரின் தோற்றத்தைச் சொல்லும் பொறுப்பில் பெரும்பகுதி வினைகளிடம் உள்ளது. 'லுக்', 'சீம்', 'அப்பியர்' என்னும் மூன்றும் 'அவ்வாறு இருக்கிறது' என்று உறுதி கூறாமல் 'அவ்வாறு படுகிறது' என்ற அளவில் நிறுத்திக்கொள்ள உதவுகின்றன. அன்றாடப் பேச்சில் முதலாவது மிகுதியாக வழங்கும். மூன்றாவது சற்று முறைசார்ந்த இடங்களுக்கு உரியது.

இவற்றுள் எதுவும் வினைப்பொருளோடு தமிழ்ப் பேச்சில் இடம்பெறவில்லை. 'லுக்கு' வந்திருக்கிறது, ஆனால் பெயராக வந்திருக்கிறது. "லுக்கு வுடுறான்" என்றால் முறைத்தோ விரும்பியோ பார்க்கிறான் என்று பொருள். "சட்டை நல்ல லுக்கா கீது" என்றால் பார்வைக்கு எடுப்பாக உள்ளது என்று பொருள். படுதல், போலுதல் என்னும் வினைப்பொருள் இரண்டிலும் இல்லை. காரணம் வெளிப்படை. தமிழில் அவ்விருக்கை ஏற்கெனவே நிரம்பியுள்ளது. சோர்வாக இருக்கிறான், சோர்வாகத் தெரிகிறான், சோர்ந்தாற்போல் இருக்கிறான், சோர்வாக இருப்பதாகத் தோன்றுகிறது என்னும் நான்கும் சொல்பவரின் உறுதியை நான்கு படிகளில் பிரித்துக் காட்டுகின்றன. 'இரு' நிலையைக் கூறுகிறது. 'தெரி' கண்ணுக்குக் கிடைத்த சான்றைக் கூறுகிறது. 'போல்' ஒப்புமையால் ஐயத்தைக் கூட்டுகிறது. 'தோன்று' சொல்பவரின் மனத்துக்குள் நகர்ந்துவிடுகிறது. இவ்வளவு நுண்மையான ஏற்பாடு இருக்கும்போது புதிய வினைக்குத் தேவை எழவில்லை.

ஆகவே ஆங்கிலத்திலிருந்து வந்தவை எல்லாம் 'ஆக' என்னும் சொல்லுக்கு முன்னுள்ள இடத்தில் மட்டும் அமர்ந்தன: டல்லா, ஸ்மார்ட்டா, டீசன்டா, ஹைட்டா, கலரா. தொடரின் முதுகெலும்பு தமிழாகவே இருக்கிறது.

3. அளவுப்பெயரின் ஒருபக்கப் பொருள்

'உயரம்' என்னும் சொல் இரு வேலைகளைச் செய்கிறது. "உன் உயரம் என்ன?" என்னும் வினாவில் அது நடுநிலைப் பெயர், குள்ளமானவரையும் அவ்வாறு கேட்கலாம். "உயரமான ஆள்" என்னும்போது அது நடுநிலையை இழந்து, மிகுதிப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நீளம், அகலம், ஆழம், கனம், பருமன், வேகம், தூரம் ஆகியனவும் இவ்வாறே. பருமனான ஆள் என்றால் மிகுந்த பருமன். வேகமான வண்டி என்றால் மிகுந்த வேகம். அளக்கக்கூடியவற்றோடு இது நிற்பதில்லை. தரமான துணி, சுவையான உணவு என்னும்போதும் தரம், சுவை என்னும் பொதுப்பெயர்கள் நற்பக்கத்தை மட்டுமே குறிக்கின்றன.

குறைப் பக்கத்தைச் சொல்ல இரு வழிகள் உள. ஒன்று, வேறு சொல்: குட்டை, குள்ளம், ஒல்லி. மற்றொன்று, இன்மை: ஆழமற்ற, தரமற்ற, சுவையில்லாத. இரண்டாம் வழி கூர்ந்து நோக்கத்தக்கது. தரமற்ற துணிக்கும் ஏதோ ஒரு தரம் உண்டு. ஆழமற்ற குளத்துக்கும் ஆழம் உண்டு. ஆனால் மொழி அதைக் குறைவு என்று கூறாமல் இன்மை என்றே கூறுகிறது.

நன்னூலார் பண்பிற் பகாப்பதங்களைத் தொகுக்கும்போது செம்மை, சிறுமை முதலியவற்றை நிறுத்தி, அவற்றின் எதிர்ப்பண்புகளையும் உடன் கொள்ளச் சொல்கிறார். 'மை' ஈற்றுப் பண்புப்பெயர்கள் இணையிணையாக நிற்பவை: சிறுமைக்குப் பெருமை, சேய்மைக்கு அண்மை, மென்மைக்கு வன்மை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி வேர் உண்டு. உயரம், அகலம், தரம் ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு எதிர்ச்சொல் இலக்கணத்திலேயே வைக்கப்படவில்லை. இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

ஆங்கிலத்தில் 'ஹைட்' என்பது உயரத்தின் பெயர். உயரமானவரைச் சொல்ல 'டால்' என்னும் தனிச்சொல் வேண்டும். பெயரிலிருந்து நற்பொருள் அடை பிறப்பது அங்கும் உண்டு. சுவையைக் குறிக்கும் பெயரிலிருந்து சுவையான என்னும் அடை பிறந்துள்ளது. எனினும் அதற்குத் தனி விகுதி தேவை. எல்லாப் பெயர்களுக்கும் அது இயலாது. தமிழ்ப் பேச்சோ 'டால்' என்னும் அடையைப் பெரிதும் விட்டுவிட்டு 'ஹைட்' என்னும் பெயரையே எடுத்துக்கொண்டது. "பையன் நல்ல ஹைட்டு", "ஹைட்டா இருப்பாரு" என்னும் தொடர்களில் ஹைட் என்பது உயரம் என்னும் சொல்லின் நிழல். "வெயிட்டான பார்ட்டி" என்பதில் கனம் என்னும் சொல்லின் நிழல். கனவான் என்னும் பழைய வழக்கில் உள்ள செல்வாக்குப் பொருளும் உடன் வந்துவிட்டது. 'பெர்சனாலிட்டி' இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ஆளுமையை, அதாவது மனத்தின் இயல்பைக் குறிக்கும் சொல், இங்கே உடலமைப்புக்கு இறங்கிவிட்டது. "ஆளு பெர்சனாலிட்டியா இருக்காரு" என்றால் உயரமும் அகன்ற தோளும் நிமிர்ந்த நடையும் உடையவர். ஒல்லியானவர் எத்துணை ஆளுமை மிக்கவராயினும் இச்சொல் அவருக்குக் கிடைக்காது.

கடன் வந்தது ஒலி மட்டுமே; இலக்கணம் தமிழுடையது. 'ஆங்கிலம் கலந்து தமிழ் கெட்டது' என்னும் வழக்கமான குறைகூறலுக்கு இத்தரவு இடந்தரவில்லை.

இடையில் ஒரு விதிவிலக்கைச் சுட்ட வேண்டும். வயசு என்னும் பெயர் இரு பக்கமும் சாயும். வயசானவர் என்றால் முதியவர். வயசுப் பொண்ணு என்றால் இளம்பெண். 'ஆன' ஏற்றால் முதுமை, தொகையாக நின்றால் இளமை. இச்சொல்லின் இடத்துக்கு வந்த 'ஏஜ்' முதற்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது: "ஏஜான ஆளு". 'ஏஜ் பொண்ணு' என யாரும் சொல்வதில்லை.

4. நிறம் அளவான இடம்

உயரத்துக்கு மிகுதி, குறைவு என்னும் இரு முனைகள் இயற்கையாகவே உண்டு. நிறத்துக்கு அவ்வாறில்லை. கறுப்பு சிவப்பைவிடக் குறைந்த நிறம் அன்று, வேறொரு நிறம். தொல்காப்பியர் எச்சவியலில் பண்புத்தொகைக்கு இடனாகும் பண்புகளைச் சொல்லும்போது வண்ணம், வடிவு, அளவு, சுவை எனத் தனித்தனியே பிரிக்கிறார். வண்ணம் ஒரு வகை, அளவு வேறு வகை. உவமவியலிலும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் மெய்யை வடிவென்றும் உருவை நிறமென்றும் உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர்.

அத்திப்பட்டுப் பேச்சில் இப்பிரிவு குலைந்துள்ளது. "பொண்ணு நல்ல கலரு" என்றால் வெளிர்நிறம் உடையவள். "கலரா இருப்பா" என்பதும் அதுவே. கருநிறமுடைய பெண்ணைப் பற்றித் திருமணப் பேச்சில் "கலர் கொஞ்சம் கம்மி" என்பர். இத்தொடரின் அமைப்பை நோக்குக: சம்பளம் கம்மி, தண்ணி கம்மி, கலர் கம்மி. நிறம் என்பது ஒருவரிடம் கூடவோ குறையவோ இருக்கும் பொருளாகிவிட்டது. வெளிர்நிறத்தவருக்கு அது நிரம்ப உண்டு, கருநிறத்தவருக்குக் குறைவு. கருநிறம் ஒரு நிறமாகவே எண்ணப்படவில்லை.

இதற்கு ஆங்கிலம் பொறுப்பன்று. "நெறமா இருக்கா" என்னும் தமிழ்த் தொடர் இதே பொருளில் இன்றும் வழங்குகிறது; 'கலர்' அந்த இருக்கையில்தான் வந்தமர்ந்தது. இப்பகுதியில் அருகிலுள்ள தெலுங்கிலும் 'ரங்கு தக்குவ' என நிறத்தைக் குறைவாகச் சொல்லும் வழக்கு உண்டு. இந்தி பேசுவோர் 'சாஃப் ரங்' என்பர். அங்கே அளவு தூய்மையாகிறது. எது மோசம் என்று தரம்பிரிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும் அளவுச்சொல், தூய்மைச்சொல்லைவிட மறைவாக வேலை செய்கிறது என்பது என் கருத்து. தூய்மை என்றவுடன் அது தீர்ப்பு எனக் கேட்பவருக்குப் புரிகிறது. 'கம்மி' என்பது கணக்குப் போலக் கேட்கிறது.

கலர் என்னும் சொல்லின் பிற வழக்குகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கடையில் 'கலர்' என்றால் நிறமூட்டிய குளிர்பானம். வெறும் சோடாவுக்கு எதிர். 'கலர் படம்' என்பது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதிர். படத்தைப் பொறுத்தவரை கறுப்பு, வெள்ளை இரண்டும் கலர் என்னும் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆளைப் பொறுத்தவரை கறுப்பு மட்டும் வெளியே நிற்கிறது. வெண்மை உள்ளே வந்துவிட்டது. ஒரே சொல், ஒரே ஊர், இருவேறு எல்லைக்கோடுகள்.

ஆங்கிலம் வழங்கிய பிற நிலங்களில் இச்சொல்லுக்கு நேர்ந்தது முற்றிலும் எதிரானது. தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டு மக்கள்பதிவுச் சட்டம் மக்களை வெள்ளையர், 'கலர்ட்', சுதேசியர் எனப் பிரித்தது. 'கலர்ட்' என்பது வெள்ளையர் அல்லாதார் என்னும் பொருளை உள்ளடக்கியது. இந்தியர் முதலில் அவ்வகையின் உட்பிரிவாகவே வைக்கப்பட்டனர். 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழரும் அதில் அடங்குவர். அங்கே வெள்ளையரிடமிருந்து விலக்கி நிறுத்திய சொல், இங்கே வெண்மைக்கு அண்மையைப் புகழும் சொல். 'ஹைட்' உயரத்தின் இலக்கணத்தை ஏற்றது போலவே 'கலர்' நிறத்தின் இலக்கணத்தை ஏற்றதனால் விளைந்த வேறுபாடு இது.

5. மாமை, பசலை, சிவப்பழகு

நிறம் அளவாகப் பேசப்படுவது தமிழின் தொன்று தொட்ட வழக்கா? சங்க அகப்பாடல்களின் சொல்லாட்சி வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே தலைவியின் இயற்கை அழகு மாமை எனப்படுகிறது. இதனை மாந்தளிரின் நிறம் என உரையாசிரியர்கள் பெரும்பாலும் கொள்வர். 'மா' என்னும் அடிக்குக் கருமைப் பொருளும் உண்டு. தலைவியை மாயோள் எனச் சுட்டும் வழக்கும் உளது. அவ்வழகு கெடும்போது மேனியில் படர்வது பசலை. அது வெளிறிய நிறம். திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே இதற்கு உண்டு. ஆக, அகமரபில் நிறம் வெளிறுவது இழப்பின் அடையாளம். தோழி இன்று அத்திப்பட்டுக்கு வந்து, "கொஞ்சம் கலராயிட்டே" என்னும் பாராட்டைக் கேட்டால், தலைவன் எப்போது பிரிந்தான் எனக் கேட்கக்கூடும்.

சங்க காலத்தில் நிறவேற்றுமை இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பொருந்தாது. பொன்னிற மேனியைப் புகழும் இடங்களும் இலக்கியத்தில் உள. இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: அழகுக்கும் அழிவுக்கும் மாமை, பசலை எனத் தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஒன்று மற்றொன்றின் குறைவாகச் சொல்லப்படவில்லை.

மேலும், தமிழில் நிறங்கள் பெயராக மட்டும் இல்லை, வினைகளாகவும் இயங்குகின்றன. கறுத்தான், சிவந்தான், வெளுத்தான், பசந்தாள். தொல்காப்பியர் உரியியலில் கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் என முதலிற் கூறி, நிறத்தை உணர்த்துதற்கும் உரிய என அடுத்தே கூறுகிறார். முகத்தின் நிறம் உள்ளத்தின் நிகழ்ச்சி, வந்து போவது. "மூஞ்சி கறுத்துப்போச்சு" என இன்று சொல்லும்போது குறிப்பது தோலை அன்று; அடைந்த அவமானத்தை. நிலக்கரிக் களத்தில் வெயிலில் நின்று திரும்பியவனிடம் அவன் தாய் "கறுத்துட்டியேப்பா" என்னும்போது அது உழைப்பைக் குறித்த கவலை. சில நாள் ஓய்வில் நீங்கக்கூடியது.

'கலர்' இவ்வாறு வினையாகாது. கலருதல் என்றொரு தொழில் இல்லை. "கலராயிட்டே" என ஆக்கவினை சேர்த்துச் சொல்லலாம்; ஆனால் அது மேலேறும் திசை ஒன்றை மட்டுமே காட்டும். கீழிறங்கும் திசைக்கு "கறுத்துட்டே" என்னும் தமிழ் வினையே வர வேண்டும். புகழ்ச்சி கடன்சொல்லிலும் குறை தாய்ச்சொல்லிலும் அமையும் இப்பங்கீடு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

'சிவப்பு' என்னும் சொல்லும் இப்போக்கில் இடம் மாறியுள்ளது. வெகுளியையும் குருதியையும் குறித்த சொல் பேச்சில் வெளிர்தோலைக் குறிக்கிறது. விளம்பரத் தமிழ் அதிலிருந்து 'சிவப்பழகு' என்னும் தொகையை ஆக்கிப் பரப்பியது. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பின் பெயரிலிருந்து 2020இல் 'ஃபேர்' நீக்கப்பட்டு 'க்ளோ' வந்தது. அதே ஆண்டில் திருமணத் தளமொன்று தோல்நிறத்தை வைத்துத் தேடும் வசதியைக் கைவிட்டது. 'ஃபேர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது: பழைய ஆங்கிலத்தில் அது அழகு என்று பொருள்பட்டது, வெளிர்நிறம் என்னும் பொருள் பின்னர்ச் சேர்ந்தது. அங்கே அழகுச்சொல் நிறச்சொல்லாயிற்று. இங்கே நிறத்தின் பொதுப்பெயரே அழகுச்சொல்லாயிற்று. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. பொதுப்பெயர் ஒருபக்கம் சாய்ந்தபின் அதை நிமிர்த்துவது அவ்வளவு எளிதன்று.

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்னும் தொடரை இப்பகுதியில் பாராட்டாகவே கூறுவர். இதிலுள்ள 'ஆலும்' என்னும் எதிர்மறைப் பொருள்படும் நிபந்தனையே முழு வழக்கையும் விளக்கிவிடுகிறது. கறுப்பும் களையும் சேர்ந்திருப்பது எதிர்பாராதது என்னும் முற்கோள் அதில் அடங்கியுள்ளது. "செவப்பா இருந்தாலும் களையா இருக்கா" எனக் கேட்க முடிவதில்லை. எனினும் இத்தொடரில் ஒரு வாயிலும் உள்ளது. களை என்னும் சொல் நிற அளவைக்கு உட்படாதது. "செவப்பா இருந்து இன்னா, மூஞ்சில களை இல்லியே" எனத் திருப்பியும் சொல்வர். கலர் கம்மி என்னும் அளவுகோலுக்கு வெளியே ஒருவரின் முகத்தைப் பேச, பேச்சுத்தமிழ் தன் கையில் வைத்திருக்கும் சொல் இது. இதற்கு இணையான ஆங்கிலச் சொல் எதுவும் கடனாக வரவில்லை.

6. பட்டறையில் இணைச்சொற்கள்

இனி, பொருள்களின் தோற்றம். பட்டறையிலும் கட்டடப் பணியிலும் வழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்தால் வேறொரு காட்சி கிடைக்கிறது. டைட் - லூஸ், ரஃப் - ஸ்மூத், திக் - தின் என அவை இணையிணையாக வந்துள்ளன. இணையில் ஒன்று தமிழாகவும் இருக்கலாம்: ஷார்ப்புக்கு மொக்கை, ஸ்ட்ரெய்ட்டுக்குக் கோணல். "போல்ட்டு லூசா கீது", "பைப்பு பெண்டா கீது", "செவுரு அவுட்டா கீது" எனக் குறைப் பக்கம் தயக்கமின்றிப் பெயர் பெறுகிறது.

காரணம் தொழிலின் தேவை. இறுகிய மரையைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. தளர்ந்ததைத்தான் சொல்லியாக வேண்டும். சுவர் சாய்ந்துள்ளது என்பதற்குத் தூக்குக்குண்டும், தளம் சமமாக இல்லை என்பதற்கு ரசமட்டமும் சான்று தருகின்றன. கருவி சொல்வதைச் சொல்லாக்கும்போது நாகரிகம் பார்ப்பதில்லை. குறையைக் குறை என்று கூறினால்தான் அதைச் சரிசெய்ய இயலும்.

ஃபினிஷிங், க்வாலிட்டி ஆகியன இங்கும் ஒருபக்கச் சொற்களே. "ஃபினிஷிங்கே இல்ல" என இன்மையால்தான் மறுபக்கம் கூறப்படுகிறது. ஆனால் இவை முடிந்த பொருளைப் பற்றி வாங்குபவர் கூறும் மதிப்பீட்டுச் சொற்கள். செய்துகொண்டிருப்பவரின் சொற்கள் அல்ல. ஆகவே இவை மேற்கூறிய வேறுபாட்டை உறுதிசெய்கின்றனவே அன்றி மறுக்கவில்லை.

இங்கிருந்து மீண்டும் ஆளைக் குறிக்கும் சொற்களைப் பார்த்தால் அவற்றின் இயல்பு புலப்படும். ஹைட், வெயிட், கலர், பெர்சனாலிட்டி, லுக் ஆகியன அனைத்தும் வாங்குபவரின் சொற்கள். பெண் பார்க்கும்போதும், காவலாளி வேலைக்கோ வரவேற்பு வேலைக்கோ ஆளெடுக்கும்போதும், எதிரில் நிற்கும் உருவத்தை மதிப்பிடுபவர் பயன்படுத்துபவை. அங்கே தூக்குக்குண்டு இல்லை; கண் மட்டுமே உண்டு. குறைப் பக்கத்தை நேரே சொன்னால் புண்படுத்தும் என்பதால் அது 'கம்மி' என்றோ 'இல்ல' என்றோ இன்மையாகிறது. புண்படாமல் சொல்ல அமைந்த வழியே கறுப்பை ஓர் இன்மையாக்கி வைத்துள்ளது.

பட்டறைச் சொற்கள் சில ஆளுக்கும் ஏறியுள்ளன. லூசு என்றால் மதிகுறைந்தவர். மொக்கை என்றால் சுவையற்றது, சுவையற்றவர். இவை ஏறும்போது தம் இணையை விட்டுவிட்டே ஏறுகின்றன. 'லூசு' எனத் திட்டலாம். மதிநுட்பம் உடையவரை 'டைட்டு' எனப் புகழ முடியாது. பொருளுலகில் இணையாக வாழும் சொல்லும் ஆளுலகுக்கு வந்தால் தனித்துவிடுகிறது.

7. டல்

ஒரு சொல்லைத் தனியே நோக்க வேண்டும். "இன்னாப்பா, டல்லா கீறே?" என்பது இப்பகுதியின் மிகப் பரவலான நலவினாக்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் 'டல்' மழுங்கிய கத்தியையும் ஒளி குன்றிய பொருளையும் மந்தமான மாணவனையும் குறிக்கும். ஒருவரின் முகத்தைப் பார்த்து அவ்வாறு கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. தமிழில் இது பரிவின் சொல். உடல்நலக் குறைவு, தூக்கமின்மை, மனவருத்தம், பணமுடை ஆகிய நான்கனுள் எது என்று கேட்காமலே எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது. இரவுப் பணி முடித்து வருபவர் "ஒண்ணுமில்லண்ணே, நைட் ஷிப்ட்டு" என ஒரு காரணத்தைத் தேர்ந்துகொள்ள இடந்தருகிறது.

ஒருபக்கச் சொற்களின் வரிசையில் 'டல்' மட்டும் குறைப் பக்கத்துச் சொல்லாக இருந்தும் தயக்கமின்றி முகத்துக்கு நேரே கூறப்படுகிறது. காரணம், அது 'இரு' என்னும் வினையோடு சேர்ந்தும் நிலையான பண்பைக் குறிப்பதில்லை. இன்றைய நிலையைக் குறிக்கிறது. முன் பகுதியிற் கண்ட 'கறுத்தல்' என்னும் வினை செய்யும் வேலையை இக்கடன்சொல் பெயராக நின்றே செய்கிறது. இதனோடு இணையும் 'ஃப்ரெஷ்' என்பதும் அத்தகையதே. குளித்து வந்தவர் ஃப்ரெஷ்ஷாக இருக்கிறார், மாலையில் அவரே டல்லாகிறார். ஆள்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் முறையான இணையாக வழங்குபவை இவ்விரண்டே என்று கூறலாம். வந்துபோகும் தோற்றத்துக்கு இணைச்சொற்களும் மாறாத தோற்றத்துக்கு ஒருபக்கச் சொற்களும் அமைந்துள்ளன.

8. அகராதிப் பதிவு குறித்து

இச்சொற்கள் தற்காலத் தமிழ் அகராதிகளில் எவ்வாறு பதிவாக வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது. 'கலர்' என்னும் தலைச்சொல்லுக்கு நிறம், குளிர்பானம் என்னும் பொருள்களை மட்டும் தந்தால், "கலர் கம்மி" என்னும் தொடரைப் படிக்கும் பிறமொழியாளர் சாயம் வெளுத்த துணி எனப் பொருள்கொள்வார். 'ஆக', 'ஆன' ஏற்கும் இடத்தில் வெளிர்நிறத் தோல் என்னும் பொருளைத் தனியே எண்ணிட்டுத் தர வேண்டும்; அப்பொருள் ஆளுக்கு மட்டும் உரியது என்னும் குறிப்பும் வேண்டும். 'நிறம்' என்னும் தமிழ்த் தலைச்சொல்லின் கீழும் இதே பொருள் இதே எண்ணில் வர வேண்டும். இல்லையெனில் இவ்வழக்கு ஆங்கிலத்தால் வந்தது என்னும் தவறான எண்ணத்துக்கு அகராதியே இடமளிக்கும். 'ஹைட்', 'வெயிட்', 'ஏஜ்' ஆகியவற்றுக்கும் 'ஆன' ஏற்கும்போது மிகுதிப் பொருள் என்னும் இலக்கணக் குறிப்புப் போதும். 'பெர்சனாலிட்டி' மட்டும் தன் ஆங்கிலப் பொருளோடு எத்தொடர்பும் காட்டாமல் 'எடுப்பான உடலமைப்பு' எனத் தனிச்சொல்லாகவே பதிவுபெறத் தக்கது.